தாம்பரத்தில் வாசகர் இல்லை என்னும் கூற்று: புத்தகக் கடைக்கு இடம் தேர்வது பற்றி ஒரு மறுப்பு

சென்னையில் புதிதாகப் புத்தகக் கடை தொடங்க நினைப்பவருக்குப் பதிப்புலகத்தார் முதலில் சொல்லும் அறிவுரை, கடையைத் தியாகராய நகர், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, அண்ணா சாலை ஆகியவற்றுள் ஓரிடத்தில் போட வேண்டும் என்பதும், கிண்டியைத் தாண்டித் தெற்கே போனால் கடை நிலைக்காது என்பதுமாகும். தாம்பரம் என்று வாயெடுத்தாலே, அது வேலைக்குப் போய்வந்து படுத்தெழும் ஊர், அங்கே மளிகைக் கடை ஓடும், மருந்துக் கடை ஓடும், புத்தகக் கடை ஓடாது என்ற பதில் வந்துவிடுகிறது. நூல் வணிகத்தில் நெடுங்காலம் உழைத்தவர்களே சொல்வதால் இக்கருத்து அனுபவத்தின் தீர்ப்பாக மதிக்கப்படுகிறது. ஆனால் பிரித்துப் பார்த்தால், வாசகர் நகரின் நடுவில்தான் இருக்கிறார், புறநகரில் கைடும் நோட்டும் மட்டுமே விலைபோகும், அங்கிருப்பவர் தமக்கு வேண்டியதை ஜனவரிப் புத்தகக் காட்சியிலும் இணையத்திலும் வாங்கிக்கொள்கிறார், கடைக்கு வந்துபோக அவருக்கு நேரமும் இல்லை என்னும் நான்கு கூற்றுகளின் தொகுப்பே அது. தனிப் புத்தகக் கடையின் வரவுசெலவையும் இந்நகர நூல் வணிகத்தின் வரலாற்றையும் வைத்து உரசினால் நான்கில் ஒன்றும் நிற்பதில்லை. தனிப் புத்தகக் கடை என்பது இங்கே, ஒரே பதிப்பகத்தின் விற்பனைக் கூடமாகவோ பல கிளைகள் கொண்ட பெருநிறுவனத்தின் அங்கமாகவோ இல்லாமல், பல பதிப்பகங்களின் நூல்களை உரிமையாளர் தம் தேர்வின்படி வாங்கி அடுக்கி விற்கும் கடையைக் குறிக்கும்.

முதற்கூற்று வரலாற்றைத் தலைகீழாக வைக்கிறது. சென்னையில் நூல் விற்பனை கற்றோர் குடியிருந்த தெருக்களைத் தேடிப்போய் வளர்ந்ததைவிட, மக்கள் நடந்து கடந்த இடங்களிலும், கையில் காசு குறைந்தவர்கள் தங்கிய இடங்களிலும் வளர்ந்ததே மிகுதி. 1844இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் இன்று அண்ணா சாலை மாளிகையால் அறியப்பட்டாலும், தென்னிந்திய ரயில் நிலையங்களின் நடைமேடைகளில் அது நடத்திய சிறு கடைகளே வெளியூர் வாசகர் பலருக்கு அதன் முகமாக இருந்தன. 1900இல் திறக்கப்பட்டு 1985 மே மாதத் தீயில் அழிந்த மூர் மார்க்கெட், பழைய புத்தகங்களுக்குப் பெயர்போன சந்தையாக விளங்கியதற்கு அது சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி நின்றது முதன்மையான காரணம். அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில்களுக்கான நிலையம் இருக்கிறது. பைகிராப்ட்ஸ் சாலை என்று பழம்பெயரால் இன்னும் சொல்லப்படும் திருவல்லிக்கேணி பாரதி சாலையில் பழைய புத்தகங்கள் பரப்பப்பட்டதும், பக்கத்தில் மாநிலக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் இருந்ததாலும், மேன்ஷன் எனப்படும் ஒற்றையறை விடுதிகளில் மாணவர்களும் சிறு சம்பளக்காரர்களும் நிறைந்திருந்ததாலும்தான். யாழ்ப்பாணத்தில் பூபாலசிங்கம் புத்தகசாலை பேருந்து நிலையத்தை அடுத்தே அமைந்ததும் இதே தர்க்கத்தால் விளங்கும். பண்பாட்டுப் பெருமை என்பது இவ்விடங்களுக்குக் கடைகள் வந்து பல்லாண்டுகள் கழிந்தபின் ஏறிய முலாம். கடை வந்த காரணம் அதுவன்று.

இந்த அளவுகோலைத் தாம்பரத்தின்மேல் வைத்தால் முடிவு மாறுகிறது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையிலான மின்ரயில் 1931இல் ஓடத் தொடங்கியதிலிருந்து அது ஒரு தடத்தின் முனையாக இருந்துவருகிறது. எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் அடுத்து நகரின் மூன்றாவது ரயில் முனையமாகவும் அது வளர்க்கப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது இராமேசுவரத்துக்கான புதிய ரயில் தாம்பரத்தோடுதான் இணைக்கப்பட்டது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் முதலான ஐந்து பேரூராட்சிகளும் 2021இல் ஒன்றாகி மாநகராட்சியாயின. அவற்றுள் தாம்பரம் நகராட்சியில் மட்டும் 2011 கணக்கெடுப்பில் 1.74 லட்சம் பேரும் பல்லாவரத்தில் 2.15 லட்சம் பேரும் இருந்தனர். இத்தனை பேர் வாழும் ஊரில் வாசகர் இல்லையென்று சொல்பவர், வாசிப்பு குறிப்பிட்ட அஞ்சல் குறியீட்டு எண்களுக்குள் மட்டும் நடக்கிறது என்று நிறுவக் கடமைப்பட்டவர். ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவரும் புத்தகத் திருவிழா மஞ்சளும் துணியும் விற்கும் வணிக நகரத்திலும், நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பிலும் பெருங்கூட்டத்தை ஈர்ப்பது, அந்தக் கருத்துக்கு எதிரான நெடுநாள் சான்று.

தெற்குப் புறநகருக்கு நூல் மரபே இல்லை என்பதும் உண்மையன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில், அது ஜார்ஜ் டவுனில் இருந்த காலத்தில், தமிழாசிரியராகப் பணியாற்றிய மறைமலையடிகள் 1911இல் அப்பணியை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறி, 1950இல் மறையும்வரை அங்கிருந்தே எழுதினார், நூல்களை அச்சிட்டு வெளியிட்டார், ஆயிரக்கணக்கான நூல்களைத் தேடித்தேடி வாங்கித் தம் வீட்டையே நூலகமாக்கினார். அந்தத் தொகுப்பைக் கொண்டு சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1958இல் மறைமலையடிகள் நூலகத்தை நிறுவியபோது, அது பல்லாவரத்தில் அமையாமல் ஜார்ஜ் டவுனின் லிங்கிச் செட்டித் தெருவில் அமைந்தது. கழகத்தின் தொண்டு பெரிது. ஆயினும் புறநகரில் சேர்ந்த புத்தகம்கூட நகரின் நடுவே போனால்தான் மதிப்புப் பெறும் என்ற வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இதற்கிடையில் 1937இல் அந்தக் கல்லூரியே ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு வந்துவிட்டது. 1949இல் குரோம்பேட்டையில் தொடங்கிய எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றவர்களுள் ஒருவர்தான் பின்னாளில் தமிழில் மிகுதியாக விற்ற எழுத்தாளர்களுள் ஒருவரான சுஜாதா. கல்லூரிகள் தெற்கே வந்து முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னும், புத்தகக் கடை மட்டும் அவற்றின் பின்னே வரக்கூடாது என்பதற்கு யாரும் காரணம் காட்டியதில்லை.

துணிக்கடைக்காரர்கள் அப்படித் தயங்கவில்லை. தியாகராய நகர்க் கூட்டத்தின் மீது வளர்ந்த சரவணா ஸ்டோர்ஸ், போத்தீஸ் போன்ற நிறுவனங்கள், வாங்குபவர் எங்கிருந்து ரயிலேறி மாம்பலத்தில் இறங்குகிறார் என்பதைப் பார்த்து, குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையிலேயே பன்மாடிக் கடைகளைக் கட்டின. தியாகராய நகரின் அருமையை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. அவர்களே வாடிக்கையாளரை அவர் வீட்டருகில் சந்திப்பது லாபம் என்று முடிவு செய்திருக்கும்போது, நூல் வணிகர் மட்டும் வாசகர் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் வந்துதான் தீரவேண்டும் என்று காத்திருப்பதை அனுபவ அறிவு என்று சொல்ல முடியாது.

இடத்தேர்வில் உண்மையான கணக்கு வாடகையில் தொடங்குகிறது. பதிப்பகம் கடைக்காரருக்கு விலையில் தள்ளிக் கொடுக்கும் தொகை கழிவு எனப்படும். அது பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதத்துக்குள் அமையும். கணக்குக்காக, 250 ரூபாய் விலையுள்ள ஒரு நூலுக்கு 30 சதவீதக் கழிவு என்று கொண்டால் கடைக்கு 75 ரூபாய் நிற்கும். புத்தகக் காட்சியில் பழகிய வாசகர் எதிர்பார்க்கும் 10 சதவீதத் தள்ளுபடியைக் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது 50 ரூபாய். மாத வாடகை 40,000 ரூபாய் என்றால் வாடகைக்கு மட்டும் 800 நூல்கள் விற்க வேண்டும். மாதத்துக்கு 26 வேலைநாள் என்று வைத்தால் நாளொன்றுக்கு 31 நூல்கள். வாடகை 16,000 என்றால் 320 நூல்கள், அதாவது நாளுக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று. மின்கட்டணம், ஓர் உதவியாளரின் சம்பளம், விற்காமல் தங்கும் சரக்கு எல்லாம் இதற்குமேல் வரும். நூல்களுக்கு ஜி.எஸ்.டி. வரி இல்லை என்பது நன்மையாகத் தோன்றினாலும், கட்டட உரிமையாளர் வாடகையோடு சேர்த்து வாங்கும் 18 சதவீத வரியை நூல் மட்டும் விற்பவர் எதிலும் கழித்துக்கொள்ள வழியில்லை, துணிக்கடைக்காரர் கழித்துக்கொள்வார். ஆகவே ஒரே தெருவில், ஒரே அளவுக் கடைக்கு, புத்தகக் கடைக்காரர் மற்றவரைவிட அதிக வாடகை கொடுப்பவராகிறார். முன்பணமாகப் பத்து மாத வாடகையைக் கேட்கும் சென்னை வழக்கத்தையும் சேர்த்தால், நகரின் நடுவே போ என்னும் அறிவுரை, புத்தகம் வாங்க வேண்டிய முதலை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு வெறும் அலமாரியோடு கடை திற என்னும் அறிவுரையாகவே முடிகிறது.

நகரின் நடுவில் நிலைத்த கடைகளை எடுத்துக்காட்டும்போது அவை எப்படி நிலைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஹிக்கின்பாதம்ஸ் தனக்கென எழுப்பிய கட்டடத்தில் 1904 முதல் இருந்துவருகிறது. தியாகராய நகரின் நியூ புக்லேண்ட்ஸ் வடக்கு உஸ்மான் சாலையில் தரைக்குக் கீழுள்ள தளத்தில் இயங்கிப் பெயர் பெற்றது. மாறாக, 1987இல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கி ஒரு தலைமுறையே தன் கடையாகக் கொண்டாடிய லேண்ட்மார்க், பெருநிறுவனத்தின் கைக்குப் போயும் அங்கே நீடிக்கவில்லை. நடுநகர இடம் என்ற ஒன்றே ஒரு புத்தகக் கடையைக் காக்கும் என்றால் லேண்ட்மார்க்கையும் அது காப்பாற்றியிருக்க வேண்டும். பழைய நூல் வணிகத் தெருக்களுக்கு வெளியே கே.கே. நகரில் மாடியில் தொடங்கிய டிஸ்கவரி புக் பேலஸும், திருவான்மியூரில் தொடங்கிய பனுவலும் வாசகர் வட்டங்களை உருவாக்கிக்கொண்டதற்கு, அவை முகவரியின் பெருமையை நம்பாமல் கூட்டங்களையும் நூல் தேர்வையும் நம்பியதே காரணம்.

இரண்டாம் கூற்று, தாம்பரத்தில் இப்போதிருக்கும் கடைகளைச் சான்றாகக் காட்டுகிறது. கோனார் தமிழ் உரையும் பத்தாம் வகுப்புக் கைடும் டி.என்.பி.எஸ்.சி. வினாத் தொகுப்பும்தான் அங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன, ஆகவே அவைதான் விற்கும் என்பது வாதம். வைத்தது விற்கிறது என்பதிலிருந்து வைக்காதது விற்காது என்று முடிவுகட்டுவது தர்க்கமன்று. திறக்காத கடையின் நட்டத்தை எந்தப் பேரேட்டிலும் காட்ட முடியாது. மேலும், கைடு விற்பதை இழிவாகக் கருதும் மனப்பாங்கே தனிப் புத்தகக் கடைகளின் பகை. கோனார் உரையை வெளியிடும் பழனியப்பா பிரதர்ஸ் பொதுநூல்களையும் வெளியிட்ட பதிப்பகம்தான். ஹிக்கின்பாதம்ஸும் எழுதுபொருள் விற்கிறது. ஜூன் மாதத்தில் பாடநூல் உரைகளும், தேர்வு அறிவிப்பு வந்தவுடன் போட்டித் தேர்வு நூல்களும் வாடகையைக் கட்டிக் கொடுக்குமானால், எஞ்சிய மாதங்களில் கவிதைத் தொகுப்பும் மொழிபெயர்ப்பு நாவலும் பொறுமையாக அலமாரியில் இருக்க முடியும். வினாத் தொகுப்பு வாங்க வரும் இருபத்திரண்டு வயதுப் பெண் அடுத்த அடுக்கில் ஒரு வரலாற்று நூலைப் பார்ப்பதற்கு உள்ள வாய்ப்பு, மயிலாப்பூர்க் கடைக்கு அவர் வரவே மாட்டார் என்பதால் அங்கே இல்லை.

மூன்றாம் கூற்றில் பாதி உண்மை உண்டு. புறநகர் வாசகர் நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சிக்குப் போய்ப் பை நிறைய வாங்குகிறார் என்பது சரி. ஆனால் அது தாம்பரத்தில் தேவை இருப்பதற்குச் சான்றே தவிர இல்லாமைக்குச் சான்றன்று. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி தமிழ் நூல் வணிகத்துக்கு உயிர்நாடி என்பதில் ஐயமில்லை. ஆண்டு விற்பனையின் பெரும்பங்கை ஒரே இடத்தில் சில நாள்களுக்குள் குவித்ததில் ஆபத்தும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தால் அடுத்த ஜனவரியில் நடக்க வேண்டிய காட்சி 2016 ஜூனுக்குத் தள்ளிப்போயிற்று. 2022இல் கொரோனாத் தொற்றால் பிப்ரவரி நடுவில்தான் தொடங்கியது. அந்த மாதங்களில் பணம் புரளாமல் பதிப்பகங்கள் பட்ட பாட்டுக்குக் காரணம், ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுக விற்றுத்தரும் பகுதிக் கடைகள் போதிய அளவில் இல்லாததே. தவிர, ஆகஸ்டில் வெளியாகும் நூலும், நவம்பரில் பிறந்தநாள் வரும் குழந்தைக்கான படக்கதையும் ஜனவரிக்காகக் காத்திருப்பதில்லை.

இணையம் என்னும் போட்டி பெரிதுதான். எனினும் 120 ரூபாய்ச் சிறுநூலுக்கு 50 ரூபாய் கூரியர் கட்டணம் சேரும்போது இணையத்தின் மலிவு மறைந்துவிடுகிறது. தமிழ் நூல்களில் பெரும்பகுதி இத்தகைய குறைந்த விலையுள்ளவை. சிறு பதிப்பகங்கள் முன்னூறு படிகள் மட்டும் அச்சிட்டு வெளியிடும் நூல்கள் பலவும் இணையக் கடைகளின் தேடலில் அகப்படுவதில்லை, அகப்பட்டாலும் ஆங்கில எழுத்தில் தாறுமாறான எழுத்துக்கூட்டலில் கிடக்கின்றன. வாட்ஸ்அப்பில் கேட்டதை மூன்று நாளில் வரவழைத்து, வேலை முடிந்து வரும் வழியில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லக்கூடிய கடை, நிலையத்துக்கு நடைதூரத்தில் இருந்தால் அது இணையத்தின் வசதியையும் தன்னுடையதாக்கிக்கொள்கிறது.

நேரமில்லை என்னும் நான்காம் கூற்றுக்கு விடை, மாலை ஏழரை மணிக்குத் தாம்பரம் நிலையத்தின் கிழக்குப் படிக்கட்டில் இருக்கிறது. ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் பூக்கூடைகளுக்கு இடையே நெருக்கியடித்துக்கொண்டு இறங்குகிறது. ஷேர் ஆட்டோக்காரர்கள் கேம்ப் ரோடு, சேலையூர் என்று கூவுகிறார்கள். வேளச்சேரி சாலைப் பேருந்துக்குக் காத்திருப்பவர் கைப்பேசியைப் பார்த்தபடி நிற்கிறார். ரயிலிலிருந்து பேருந்துக்கு மாறும் இந்த இடைவேளை அன்றாடம் வருகிறது, ஒரே ஆளுக்கு வருகிறது. தியாகராய நகரில் அதே ஆள் புடவை வாங்க ஆண்டுக்கு இருமுறை வருகிறார், அப்போது கையில் பையும் மனத்தில் அவசரமும் இருக்கும். காலை பத்து முதல் மாலை ஏழு வரை மட்டும் திறந்திருக்கும் கடைக்கு இந்த வாசகர் கிடைக்கமாட்டார் என்பது மெய். பிற்பகல் மூன்று முதல் இரவு ஒன்பதரை வரை திறந்துவைத்தால் கிடைப்பார். குறை ஊரில் இல்லை, கடை நேரத்தில் இருக்கிறது.

இந்த மறுப்பு, தாம்பரத்தில் எங்கே போட்டாலும் கடை ஓடும் என்னும் எதிர்க்கோடிக்குப் போகக் கூடாது. கூட்டம் வேறு, நின்று பார்க்கும் கூட்டம் வேறு. மேற்குத் தாம்பரத்தின் சண்முகம் சாலையில் தோளோடு தோள் உரசும் கூட்டம் காய்கறிக்கும் பாத்திரத்துக்கும் வந்தது. அங்கே வாடகையும் அந்த வணிகத்துக்கேற்ப உயர்ந்தது. ஜி.எஸ்.டி. சாலையின் முகப்பில் விளம்பரப் பலகை நன்றாகத் தெரியும், வண்டி நிறுத்த இடம் இராது. 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைப் பலர் புதிய வாய்ப்பாகக் காட்டுகிறார்கள். வெளியூர் போகும் பயணி ஒரு வார இதழையோ ஒரு நாவலையோ வாங்கிக்கொண்டு போய்விடுவார், மறுபடி எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. நடைமேடைக் கடைக்கு அது போதும். ஒரே ஆள் ஆண்டில் பத்துமுறை வந்தால்தான் தனிப் புத்தகக் கடை பிழைக்கும். அந்த வகையில் கிறித்தவக் கல்லூரி மாணவர், சேலையூர், இராஜகீழ்ப்பாக்கக் குடியிருப்பினர், ரயில் மாறுவோர் ஆகிய மூவகையினரும் கடக்கும் கிழக்குப் பக்கம், நிலையத்திலிருந்து நடைதூரத்தில் உள்ள குறுக்குத்தெருக்கள் உட்பட, முதலில் பார்க்கத்தக்கது. மெப்ஸ் ஏற்றுமதி வளாகமும் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் உள்ள சானடோரியம் அடுத்தது.

வெள்ளமும் கணக்கில் வர வேண்டும். 2015இல் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை மூழ்கடித்ததையும், நகரில் பதிப்பகங்கள் பலவற்றின் கிடங்குகளில் நூல்கள் நனைந்து கூழானதையும் நினைவில் கொண்டால், தாழ்வான பகுதியில் தரைத்தளம் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக எடுப்பது பெரிய தவறு. முதல் மாடி வாடகையிலும் மலிவு, மழைக்கும் பாதுகாப்பு. படியேற இயலாத முதியோருக்குக் கீழே கொண்டுவந்து கொடுக்க ஓர் ஆள் இருந்தால் போதும். ஒப்பந்தமும் வழக்கமான பதினொரு மாதத்துக்குப் போடப்படாமல், வாடகை உயர்வு எவ்வளவு என்பது எழுதப்பட்டு, குறைந்தது மூன்று ஆண்டுக்கேனும் பதிவு செய்யப்பட வேண்டும். வாசகர் பழகி முடிக்கும் நேரத்தில் கடையைக் காலிசெய்ய நேர்ந்தால், அதுவே பின்னர் தாம்பரத்தில் வாசகர் இல்லை என்பதற்குச் சான்றாக ஓதப்படும்.

ஆங்கிலப் படநூல்களையும் காபிக் கடையையும் குளிரூட்டிய கூடத்தையும் கொண்ட பெருங்கடைக்குத் தாம்பரம் இன்று பொருந்தாது என்று பழைய கருத்தினர் சொன்னால் அது ஏற்கத்தக்கது. ஆனால் அந்தக் கடை நுங்கம்பாக்கத்திலும் நிலைக்கவில்லை. ஆகவே அது தாம்பரத்தின் குறையன்று, அந்த வகைக் கடையின் செலவுக் கணக்கின் குறை. ஐந்நூறு சதுர அடியில், தேர்ந்தெடுத்த மூவாயிரம் நூல்களோடு, மாலைநேரக் கடையாகத் தொடங்க நினைப்பவர் எந்த ஊரின் புகழையும் கேட்க வேண்டியதில்லை. பார்த்துவைத்த இடத்தின் மாத வாடகையை ஒரு நூலில் நிற்கும் ஐம்பது ரூபாயால் வகுத்து, வந்ததை 26ஆல் வகுத்து, அத்தனை நூல்களை நாள்தோறும் வாங்கிப்போக அந்தத் தெருவில் ஆள் நடக்கிறதா என்று பள்ளி நாளிலும் விடுமுறை நாளிலும் மழை நாளிலும் நின்று எண்ணிப் பார்த்தால் போதும். தியாகராய நகரில் இக்கணக்கு பொய்த்தால் அங்கே போடக் கூடாது. கிழக்குத் தாம்பரத்தின் ஒரு குறுக்குத்தெருவில் இக்கணக்கு சரிப்பட்டால், பதிப்புலகத்தாரின் அறிவுரை என்னவாக இருந்தாலும் அங்கேதான் போட வேண்டும்.